பெரிட்டின் 62: 'நோர்மல்' என்று எழுதும் முன்

உதாரணத்துக்கு ஒரு மெடிக்கல் வார்ட் அறிக்கை. 78 வயதுப் பெண்மணி, நிறை 50 கிலோ, நியூமோனியாவுக்கு அனுமதிக்கப்பட்டவர். ஈமோகுளோபின் 9.1, செங்குழியத்தின் சராசரிப் பருமனான எம்.சி.வி. 81, அந்தப் பருமன்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் ஆர்.டி.டபிள்யூ. 17, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 96. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் 62. அதற்குப் பக்கத்தில் 13–150 என்று ஆய்வுகூடம் சாதாரண வீச்சை அச்சிட்டிருக்கிறது. கூடியது, குறைந்தது என்று காட்டும் குறி எதுவும் இல்லை. காலை ரவுண்டில் யாருக்கும் நேரம் இல்லை. டிக்கெட்டில், அதாவது நோயாளியின் வார்ட் குறிப்பேட்டில், 'பெரிட்டின் நோர்மல், நாட்பட்ட நோயால் வந்த குருதிச்சோகை' என்று ஒரு வரி விழுகிறது. அதற்குப் பிறகு இரும்பும் ஏறாது. இரும்பு எந்த வழியாகப் போனது என்று எவரும் தேடவும் மாட்டார்கள்.

அந்த 13–150 சுகதேகிகளுக்குப் போட்ட கோடு. சி.ஆர்.பி. 96 உடன் படுத்திருப்பவருக்கு அது பொருந்தாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டியே இரண்டு கோடுகள் போடுகிறது: சுகமாக இருக்கும் வளர்ந்தவருக்கு 15க்குக் கீழ், தொற்றோ அழற்சியோ உள்ளவருக்கு 70க்குக் கீழ். அலகு மைக்ரோகிராம்/லீற்றர், நனோகிராம்/மில்லிலீற்றர் என்று வந்தாலும் எண் அதேதான், மாற்றத் தேவையில்லை. ஆகவே 62 என்பது இந்தப் பெண்மணியில் குறைந்த எண். அச்சுத்தாள் அதைச் சொல்லாது.

ஏன் இப்படி ஆகிறது என்பது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக வரும். என்பு மச்சைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உணவிலிருந்து குடல் உறிஞ்சுவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மீதியெல்லாம் வயதான செங்குழியங்களை விழுங்கும் மக்ரோபேஜ் கலங்கள் மண்ணீரலிலும் ஈரலிலும் இருந்து திருப்பிக் கொடுப்பது. தொற்று வந்ததும் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் சமிக்ஞை ஈரலைத் தட்டி ஹெப்சிடின் என்ற ஹோர்மோனைச் சுரக்க வைக்கிறது. ஹெப்சிடின் போய், கலத்திலிருந்து இரும்பு வெளியேறும் ஒரே வாசலான பெரோபோர்ட்டினை அழித்துவிடுகிறது. கிருமிக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்று உடல் செய்யும் ஏற்பாடு இது. ஆனால் என்பு மச்சையும் சேர்ந்து பட்டினி கிடக்கிறது. களஞ்சியத்தில் நெல் இருக்கிறது, கதவுதான் பூட்டு. இதைத் தொழிற்பாட்டுக் குறைபாடு என்கிறோம். களஞ்சியமே காலியாக இருந்தால் முழுமையான குறைபாடு.

பெரிட்டின் களஞ்சியத்தின் அளவைச் சொல்லும் புரதம். அதே நேரம் அழற்சி வந்தால் தன் பாட்டில் ஏறும் புரதமும் கூட. இந்த இரட்டை வேடம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். வார்ட்டில் இருக்கும் முதியவருக்கு இரண்டு வகைக் குறைபாடும் ஒன்றாக இருப்பது மிகச் சாதாரணம். 'இரும்புக் குறைபாடா, நாட்பட்ட நோயா' என்று ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் கேள்வியே பிழையாகக் கேட்கப்படுகிறது. அழற்சி இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு அடியில் களஞ்சியமும் காலியா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எண்களை இப்படி வாசிக்கலாம். பெரிட்டின் 30க்குக் கீழே என்றால் பேச்சே இல்லை, சி.ஆர்.பி. 200 ஆக இருந்தாலும் அது இரும்புக் குறைபாடுதான். அழற்சி பெரிட்டினை ஏற்றும், இறக்காது. அந்த இடத்தில் மேலதிகப் பரிசோதனைக்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டியதில்லை. 30க்கும் 100க்கும் இடையில், சி.ஆர்.பி. ஏறியிருந்தால், குறைபாடு இருக்கிறது என்ற எண்ணத்தோடு மேலே போக வேண்டும். எண் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு உறுதி. 65 வயதுக்கு மேற்பட்ட குருதிச்சோகை நோயாளிகளின் என்பு மச்சையை எடுத்துப் பார்த்து 1990இல் வெளியான கனேடிய ஆய்வொன்றில், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோரின் மச்சையில் இரும்பே இருக்கவில்லை. இருந்த குருதிப் பரிசோதனைகளில் பெரிட்டின்தான் சிறந்தது என்றும், முதியவரில் 45 வரைக்கும் குறைபாட்டின் பக்கமே சாய்கிறது என்றும் அது காட்டியது. 45க்கும் 100க்கும் நடுவில் பெரிட்டின் தனியே தீர்ப்புச் சொல்லாது. துணைக்கு ஆள் வேண்டும். 150க்கு மேலே போனால், அழற்சி இருந்தாலும், களஞ்சியம் முற்றாகக் காலியாக இருக்கும் வாய்ப்பு குறைவு என்கிறது பிரித்தானிய இரைப்பை குடலியல் சங்கத்தின் 2021 வழிகாட்டி.

இருதயச் செயலிழப்பும் நாட்பட்ட சிறுநீரக நோயும் வேறு கணக்கு. இருதயச் செயலிழப்பில் பெரிட்டின் 100க்குக் கீழ், அல்லது 100–299 ஆக இருந்து, குருதியில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்பெரினின் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழ் என்றால் குறைபாடு என்று எடுக்கிறார்கள். நாளத்தால் இரும்பு கொடுத்த பரிசோதனைகளில் பயன்படுத்திய கோடு அது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து நியூமோனியா நோயாளிக்குப் போடக் கூடாது. ஒரே வார்ட்டில் மூன்று கோடுகள் புழங்குவதால்தான், மாறிமாறிப் பார்த்த மூன்று டொக்டர்கள் மூன்று விதமாகச் சொன்னார்கள் என்ற முறைப்பாடு வருகிறது.

துணைக்கு வரும் ஆள் டிரான்ஸ்பெரின் செறிவு. சீரம் இரும்பை டி.ஐ.பி.சி.யால், அதாவது டிரான்ஸ்பெரின் மொத்தமாகப் பிடிக்கக்கூடிய இரும்பின் அளவால், பிரித்து 100ஆல் பெருக்க வேண்டும். மேற்சொன்ன பெண்மணிக்கு இரும்பு 22, டி.ஐ.பி.சி. 245 மைக்ரோகிராம்/டெசிலீற்றர் என்று வைத்தால் 9 சதவீதம். 20க்குக் கீழே என்றால் மச்சைக்கு இரும்பு போய்ச் சேரவில்லை என்று பொருள். ஆனால் ஏன் சேரவில்லை என்று இது சொல்லாது. கதவு பூட்டியிருந்தாலும் குறையும், களஞ்சியம் காலியானாலும் குறையும். செறிவு குறைவு என்பதை மட்டும் வைத்து 'இரும்புக் குறைபாடு' என்று எழுதுவது, பெரிட்டினை மட்டும் வைத்து 'இல்லை' என்று எழுதுவதற்கு ஒப்பான பிழை. டி.ஐ.பி.சி.யைத் தனியாகப் பார்ப்பது பிரயோசனமானது. வெறும் இரும்புக் குறைபாட்டில் அது ஏறும், அழற்சியில் இறங்கும். இவ்வளவு சுகமில்லாதவருக்கு டி.ஐ.பி.சி. 400ஐத் தாண்டினால் அழற்சியையும் மீறி ஏறியிருக்கிறது; களஞ்சியம் காலி என்பதற்கு அது நல்ல சாட்சி. எதிர்ப்பக்கமும் உண்டு. அல்புமின் குறைந்து மெலிந்துபோன முதியவரில், சிறுநீரில் புரதம் போகிறவரில், டிரான்ஸ்பெரினும் சேர்ந்து விழுந்துவிடும். கீழ் எண் சிறுத்தால் சதவீதம் வீங்கும். 24 சதவீதம் என்று வரும், குறைபாடு உள்ளே ஒளிந்திருக்கும்.

கணக்கிலேயே வழுக்குகிற இடமும் ஒன்று இருக்கிறது. சில ஆய்வுகூடங்கள் டி.ஐ.பி.சி.க்குப் பதிலாக யூ.ஐ.பி.சி.யைக் கொடுக்கும். அது இரும்பு ஏறாத மீதி இடம் மட்டும். சீரம் இரும்பையும் யூ.ஐ.பி.சி.யையும் கூட்டினால்தான் டி.ஐ.பி.சி. வரும். கூட்டாமல் பிரித்தால் சதவீதம் பொய்யாக உயரும். ஒரு தாளில் மைக்ரோகிராம்/டெசிலீற்றர், இன்னொரு தாளில் மைக்ரோமோல்/லீற்றர் என்று இருந்தால் முதலாவதை 0.179ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும்.

குருதி எடுக்கும் நேரம், குழாய், அதற்கு முன் உடலுக்குள் என்ன போனது என்பவையெல்லாம் முக்கியம். சீரம் இரும்பு காலை மாலை என்று ஆடும். இரும்புக் குளிசை போட்ட சில மணித்தியாலத்தில் துள்ளும். முதல் நாளே குளிசையை நிறுத்திவிட்டு, விடியற்காலையில் வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. பலர் 'இரும்பு எடுப்பதில்லை' என்பார்கள். சத்துக் குளிசை என்று பார்மசியில் வாங்கிப் போடுவதற்குள் இரும்பு இருக்கும். எஃப்.பி.சி.க்கான, அதாவது முழுக் குருதி எண்ணிக்கைக்கான, ஊதா மூடிக் குழாயில் சீரம் இரும்பு செய்ய முடியாது, குருதி உறையாமல் இருக்க அதில் போட்டிருக்கும் ஈ.டி.டி.ஏ. இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊதாக் குழாயை முதலில் நிரப்பிவிட்டு அதிலிருந்து மற்றதற்கு ஊற்றினாலும் அதே கதிதான்: இரும்பு குறையும், கல்சியம் குறையும், பொற்றாசியம் ஏறும். இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் நோயாளியைச் சந்தேகிக்காமல் குழாயைச் சந்தேகியுங்கள்.

எல்லாவற்றையும் விடக் கொடுமையானது குருதி ஏற்றிய பிறகு மாதிரி எடுப்பது. ஒரு பை செங்குழியத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஈமோகுளோபின் 6 உடன் ராத்திரி வந்தவருக்கு இரண்டு பை ஏற்றிவிட்டு, காலையில் 'அயன் ஸ்டடீஸ், ப்ளட் பிக்சர்' என்று துண்டு எழுதினால் எழுதியவரும் வாசிப்பவரும் கலந்த குருதியைத்தான் பார்க்கிறார்கள். குருதிப் பொருத்தம் பார்க்கும் கிராஸ் மட்ச்சுக்குக் குத்தும் அதே குத்தில் ஒரு சீரம் குழாயும் ஒரு ஊதாக் குழாயும் கூடுதலாக எடுத்து வைத்தால் போதும். சீரம் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும், பரிசோதனை காலையில் செய்யலாம்.

அழற்சியை அளக்கச் சி.ஆர்.பி.யையே எடுங்கள். நம் வார்ட்டுகளில், செங்குழியம் படியும் வேகத்தை அளக்கும் ஈ.எஸ்.ஆர். இன்னும் பழக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அது வயதோடு ஏறும், குருதிச்சோகையாலேயே ஏறும், ஈ.எஸ்.ஆர். 80 என்பதை வைத்து 'அழற்சி இருக்கிறது, ஆகவே பெரிட்டின் பொய்' என்று சொல்வது வட்டத்துக்குள் ஓடுவது. சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் சுமார் 19 மணித்தியாலம், சுகமாகும்போது சீக்கிரம் இறங்கும். பெரிட்டின் அவ்வளவு வேகமாக இறங்காது. சி.ஆர்.பி. 8க்கு வந்துவிட்டது என்று மறுநாளே பெரிட்டினை நம்பிவிட முடியாது.

கொழும்பில் தென்மேல் பருவ மழையோடு டெங்கு வரும் மாதங்களில் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். டெங்குவில் பெரிட்டின் ஆயிரக்கணக்கில் போகும். ஈரல் கலங்கள் சேதமானாலும் அப்படித்தான். மதுப் பழக்கம், கொழுப்பு ஈரல், புற்றுநோய் எல்லாம் பெரிட்டினைத் தூக்கும். அந்த நேரம் இரும்புக் களஞ்சியத்தைப் பற்றிப் பெரிட்டினிடம் கேட்பதில் அர்த்தம் இல்லை. ஆள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம், ஆறு கிழமை கழித்து எடுப்பதே சரி. அதை இப்போதே திகதியோடு எழுதி வைக்க வேண்டும்.

குருதியைக் கண்ணாடித் துண்டில் பரப்பிக் கலங்களைப் பார்க்கும் ப்ளட் பிக்சர் இலங்கையில் நமக்கு ஒரு கொடை. இரும்புக் குறைபாட்டுக்குரிய வெளிறிய சிறு செங்குழியங்களும் பென்சில் கலங்களும் ஒரு பக்கம், அழற்சியைக் காட்டும், செங்குழியங்கள் நாணயம் போல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய றூலோ அடுக்குகளும் வெண்குழியத்தின் நச்சு மணிகளும் மறுபக்கம் ஒரே கண்ணாடித் துண்டில் தெரிந்தால் இரண்டும் இருக்கிறது என்று அர்த்தம். எம்.சி.வி.யை நம்பிக் காத்திருக்க வேண்டாம். செங்குழியம் 120 நாள் வாழ்வதால் எம்.சி.வி. இறங்குவதற்கு மாதங்கள் ஆகும். முதியவர்களில் பி12, போலேட் குறைபாடு சேர்ந்திருந்தால் சிறியதும் பெரியதும் கலந்து சராசரி 88 என்று அழகாக நிற்கும், ஆர்.டி.டபிள்யூ. மட்டும் காட்டிக்கொடுக்கும். மெட்போமினும் ஒமெப்ரசோலும் வருடக்கணக்காகப் போடுகிற சீனி வருத்தக்காரரில் இந்தக் கலவையை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

எம்.சி.வி. 68 என்று இருந்தாலும் அவசரப்படக் கூடாது. தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயின் மரபணுவைச் சுமக்கும் காவிகள் நம் நாட்டில் அரிதல்ல. இங்கே மலிவான பரிசோதனை பழைய கிளினிக் கொப்பி. பத்து வருடத்துக்கு முந்திய எஃப்.பி.சி.யிலும் எம்.சி.வி. 68 ஆக இருந்தால் அது பிறவியோடு வந்தது. முன்பு 86 ஆக இருந்து இப்போது 74 ஆனால் எங்கோ இரும்பு போகிறது. காவியைக் காட்டிக்கொடுக்கும் ஈமோகுளோபின் ஏ2 பார்ப்பதென்றால் இரும்பைச் சரிசெய்த பிறகு பாருங்கள். குறைபாடு ஏ2வைக் கீழே இழுத்து, காவியை மறைத்துவிடும்.

இன்னும் கூர்மையான பரிசோதனைகள் இரண்டு. ஒன்று ரெட்டிகியூலோசைட் ஈமோகுளோபின். இளம் செங்குழியம் குருதியில் ஓரிரு நாள்தான் அந்தப் பருவத்தில் இருக்கும். அதனால் இது கடந்த சில நாட்களில் மச்சைக்கு இரும்பு கிடைத்ததா என்று சொல்லும். 29 பிக்கோகிராமுக்குக் கீழ் என்றால் கிடைக்கவில்லை. புதிய ரக எஃப்.பி.சி. இயந்திரங்களில் இந்த வசதி இருக்கும், மேலதிகக் குருதி தேவையில்லை. உங்கள் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளரான எம்.எல்.டி.யிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தலசீமியாக் காவியிலும் குறையும் என்பதை மறக்க வேண்டாம். மற்றது கரையும் டிரான்ஸ்பெரின் ஏற்பி, இரும்புக்கு ஏங்கும் கலங்கள் குருதியில் உதிர்க்கும் புரதம். அழற்சி இதைப் பெரிதாக அசைக்காது என்பதுதான் இதன் பெறுமதி. இதைப் பெரிட்டினின் மடக்கையால் பிரித்து வரும் சுட்டி 2க்கு மேல் என்றால் களஞ்சியமும் காலி, 1க்குக் கீழ் என்றால் அழற்சி மட்டும் என்பது பொதுவான வாசிப்பு. ஆனால் ஒவ்வொரு கம்பனியின் கிட்டுக்கும் அளவு வேறு. எண்ணை மட்டும் எடுத்து ஒப்பிட முடியாது. குருதி சிதைவடையும் நோய்களிலும் ஏறும். விலையும் கூட. என் பார்வையில், பத்து நோயாளியில் எட்டுப் பேருக்கு இது இல்லாமலே முடிவெடுக்கலாம்.

என்பு மச்சையைக் குத்தி எடுத்து நீலச் சாயமிட்டு இரும்பைப் பார்ப்பதுதான் கடைசி நீதிமன்றம் என்று புத்தகங்கள் சொல்லும். 80 வயதானவரின் இடுப்பெலும்பைக் குத்த இது மட்டும் காரணமாகாது. வேறு காரணத்துக்காகக் குத்துகிறார்கள் என்றால் இரும்புச் சாயத்தையும் துண்டில் எழுதிவிடுங்கள், அவ்வளவுதான்.

குத்தாமலே விடை காண ஒரு வழி, இரும்பு கொடுத்துப் பார்ப்பது. இரண்டு கிழமையில் ஈமோகுளோபின் 1 கிராமோ அதற்கு மேலோ ஏறினால், அயன் ஸ்டடீஸ் என்ன சொல்லியிருந்தாலும், குறைபாடு இருந்தது உறுதி. ஏறாவிட்டால்? வாயால் கொடுத்து ஏறாதது எதையும் நிரூபிக்காது. ஹெப்சிடின் குடல் சுவரின் கதவையும்தான் பூட்டியிருக்கிறது. பெரஸ் சல்பேட் 200 மில்லிகிராம் குளிசையில் 65 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது; நாளுக்கு ஒன்று, அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மூன்று வேளையும் கொடுத்தால் முதல் குளிசை ஏற்றிய ஹெப்சிடின் அடுத்ததைத் தடுக்கும், மலச்சிக்கல் மட்டும் மிஞ்சும். சாப்பாட்டோடு பிளேன்டீ குடிக்கும் வீட்டில் குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விட வேண்டும். கல்சியம், தைரொக்சின் குளிசைகளோடும் சேர்த்து விழுங்கக் கூடாது.

அழற்சி நீடிக்கும் என்று தெரிந்தால் நாளத்தால் கொடுப்பதே முறை. ஆனால் கிருமி குருதியில் ஓடும் நாட்களில் அல்ல. காய்ச்சல் இறங்கி, அன்டிபயோட்டிக் வேலை செய்யத் தொடங்கிய பிறகு. எவ்வளவு என்பதற்குக் கன்சோனிக் கணக்கு: நிறை × (15 − இருக்கும் ஈமோகுளோபின்) × 2.4 + 500. நம் பெண்மணிக்கு 50 × 5.9 × 2.4 + 500, அதாவது ஏறத்தாழ 1200 மில்லிகிராம். அயன் சுக்ரோஸ் என்றால் ஒரு தடவைக்கு 200, கிழமைக்கு மூன்றுக்கு மேல் இல்லை, ஆறு தடவை. 200 மில்லிகிராமை 200 மில்லிலீற்றருக்கு மேற்படாத நோர்மல் சேலைனில் கலந்து அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் விட வேண்டும். டெக்ஸ்ட்ரோஸில் கலக்கக் கூடாது. 500 மில்லிப் போத்தலில் ஊற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அவ்வளவு ஐதாக்கினால் மருந்தின் நிலைத்தன்மை கெடும். முதியவரின் நொய்ந்த நாளத்தில் கனியூலா விலகினால் தோலில் பழுப்புக் கறை படிந்து நெடுநாள் போகாது. தொடங்கும் முன் கொஞ்சம் சேலைன் விட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இரும்பு ஏன் குறைந்தது என்ற கேள்வியை வார்ட்டிலேயே கேட்டுவிட வேண்டும். ஒரு மில்லிலீற்றர் நல்ல குருதியில் அரை மில்லிகிராம் இரும்பு. நாளுக்கு 5 மில்லிலீற்றர் கசிந்தால் குடல் உறிஞ்சுவதை விட அதிகம் போகிறது. அந்த அளவுக்கு மலம் கறுக்காது, கண்ணுக்கும் தெரியாது. மூட்டு நோவுக்கு டைக்ளோபெனாக், இருதயத்துக்கு அஸ்பிரின், அதோடு குளோபிடொக்ரெல் என்று போகும் ஆளின் குளிசைப் பையை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லிக் கொட்டிப் பாருங்கள், வாயால் சொன்ன பட்டியலை நம்ப வேண்டாம். ஏற்கெனவே இரும்புக் குளிசை போடுகிறவரின் மலம் கரும்பச்சையாக, உருவோடு இருக்கும். குருதி கலந்த மலம் தார் போல ஒட்டும், நாற்றம் வேறு. விரலால் மலவாசல் பரிசோதிக்காமல் 'மூலம்தான்' என்று எழுதுவதை ஏற்க முடியாது. மேற்கு நாட்டுத் தொடர்களில் இரும்புக் குறைபாட்டுச் சோகை உள்ள முதியவரில் பத்தில் ஒருவர் அளவுக்கு இரைப்பை குடற் புற்றுநோய் அகப்படுகிறது. மேலாலும் கீழாலும் கமெரா விட வேண்டுமா என்பது ஆளின் தெம்பையும், கண்டுபிடித்தால் ஏதாவது செய்ய முடியுமா என்பதையும் பொறுத்தது. வீட்டாரோடு பேசித் தீர்மானிக்க வேண்டியது. கொலனோஸ்கோபி என்று முடிவானால் இரும்புக் குளிசையை ஏழு நாளுக்கு முன் நிறுத்துங்கள், கறுப்பு மலம் குடற் சுவரை மூடிவிடும்.

டயக்னோசிஸ் கார்ட்டில் 'குருதிச்சோகை' என்ற ஒற்றைச் சொல் எழுதினால் அடுத்த கிளினிக்கில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பெரிட்டின், அதே நாளின் சி.ஆர்.பி., டிரான்ஸ்பெரின் செறிவு, குருதி ஏற்றியிருந்தால் அதன் திகதி, கொடுத்த இரும்பின் மொத்த மில்லிகிராம், கமெரா விடுவதா இல்லையா என்ற தீர்மானம் ஆகியவை வேண்டும். அடுத்த ஈமோகுளோபின் இரண்டாம் நான்காம் கிழமைகளில். பெரிட்டினை நாளத்தால் இரும்பு கொடுத்து முடிந்து நான்கு கிழமைக்கு முன் எடுக்க வேண்டாம், எட்டுக் கிழமை ஆனால் இன்னும் நல்லது. அதற்கு முன் எடுத்தால் 600, 700 என்று வந்து, கிளினிக்கில் இருப்பவர் இரும்பு மிதமிஞ்சிவிட்டது என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்.